சீர் சாமான் என் காரில்தான் போகும்

2012 மார்ச் 13, செவ்வாய்

ஐந்தரைக்கு எழும்பினேன். வேலியில் செவ்வரத்தம்பூ ஒன்று பறித்து, கார் டாஷ்போர்ட்டில் இருக்கும் பிள்ளையாருக்கு வைத்தேன். நேற்றுப் பூ அங்கே இல்லை. வடிவம்மா எடுத்துப் போட்டிருப்பாள். இந்த ஒரு காரியத்தில் என் மனைவியைக் குறை சொல்ல முடியாது. கார் வாங்கி இருபத்திரண்டு வருடமாகிறது, பழைய பூ ஒருநாளும் அங்கே கிடந்ததில்லை.

ஏழு மணிக்குத் திருகோணமலையிலிருந்து மருமகன் லெட்சுமணன் தொலைபேசியில் பேசினார். மகள் இராஜகுமாரிக்கு நேற்று மாலை ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மூத்தது கண்டியில் நம் வீட்டில் பிறந்தது. இது அங்கே.

"ஏப்ரல் பதினொண்டு முப்பத்தொண்டாம் நாள், தொட்டில்ல போடுற சடங்கு. நான் ஒன்பதாந் திகதி வேனோட வாறன் மாமா. உங்களையும் மாமியையும் சாமானோட ஏத்திக்கொண்டு வந்திருவன்."

வேண்டாம் என்றேன். தொட்டில், வெள்ளி அரைஞாண், பித்தளைக் குடம், பலகாரம் — தாய் வீட்டுச் சீரை மாப்பிள்ளையின் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் வாசலிலேயே இறக்குவதா? அதற்கு அவரையே கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லலாமே. சீர் என் காரில் போகும். நான் ஓட்டுவேன். வடிவம்மா முன் சீட்டில் இருப்பாள்.

அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீர் உங்க கார்ல போகட்டும். நான் மாப்பிள்ளை வேன்ல போறேன்."

போன ஆவணியை மறக்க மாட்டாள். திருகோணமலை போகும் வழியில், ஹபரணைக் காட்டு ரோட்டில், ஏசி வேலை செய்யாமல் போனது. வாந்தி, மயக்கம். ரோட்டோரப் பாலை மரத்தடியில் முக்கால் மணி நேரம் படுத்திருந்தாள். நான் பத்திரிகையால் விசிறினேன். விசிறியதை ஒருநாளும் சொல்வதில்லை. மயங்கியதை மட்டும் சொல்வாள்.

மார்ச் 14, புதன்

திகன போய் வந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை. எழுதினால் அடங்கும்.

முஹைதீனின் மகன் பாயிஸ் அங்கே வாகன ஏசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். முஹைதீன் எனக்கு நாற்பது வருடச் சிநேகிதன். பாயிஸைத் தொட்டிலில் பார்த்தவன் நான். அவன் பத்து நிமிடம் காரைப் பார்த்தான்.

"கேஸ் கொஞ்சம் கொறைவு, அது பரவாயில்ல. கம்பிரசர் நல்லாச் சுத்துது. காத்துத்தான் வருதில்ல. உள்ளுக்கு எங்கயோ அடைப்பு. டாஷ்போர்ட் முழுக்கக் கழட்டணும் மாமா. பழைய பிளாஸ்டிக், தொட்டா ஒடையும். என்னத்துக்கு இந்தக் கஷ்டம்? காரை வித்துப்போடுங்க."

போன வருடம் ஆடியில் நீதானே கேஸ் போட்டாய், ஆவணியில் கெட்டது எப்படி என்று கேட்டேன். சிரித்தான்.

"அது உங்களுக்கு வெளங்காது மாமா."

வெளங்காது! நீர் வழங்கல் கந்தோரில் முப்பத்து நான்கு வருடம் தண்ணீர் மீட்டர் திருத்தினேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. திறந்து பார்த்துப் படித்தேன். சான்றிதழ் வைத்திருந்தவர்கள் என் மேசைக்கு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். பதவி உயர்வு என்று வந்தபோது மூன்று தரமும் அவர்களுக்குத்தான். உமக்கு விளங்காது சேதுராமன், அது நிர்வாகம் என்றார்கள். அதே வார்த்தை. அதே சிரிப்பு.

விட்டுவிட்டேன் வாயை. கடையில் நாலு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அடைப்புத் தானா வராதுடா. அடைச்சவன் ஒருத்தன் இருக்கணும். போன வருஷம் இதுக்குள்ள கைய விட்டவன் நீ ஒருத்தன்தான். அடைச்சிட்டு இப்ப நீயே திருத்தப் பாக்கிற."

பின்னால் கதிரையில் இருந்த முஹைதீன் எழும்பினான். "சேது. போ."

வந்துவிட்டேன்.

நானே திருத்துவேன்.

மார்ச் 15, வியாழன்

ஒவ்வொரு வியாழனும் முஹைதீன் சாமான் வாங்கக் கண்டிக்கு வருவான், நம் வீட்டில் பால் விடாத பிளேன்டித் தேநீர் குடிப்பான். இன்று வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

மார்ச் 16, வெள்ளி

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதையில் பழைய புத்தகம் ஒன்று அகப்பட்டது. வாகனங்களில் குளிரூட்டும் முறை. ஆங்கிலம். அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கமும் இல்லை. பதினேழாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. முன்னுரை எழுதுபவர்கள் எப்போதுமே தேவையில்லாததைத்தான் எழுதுவார்கள்.

மார்ச் 18, ஞாயிறு

இரண்டு நாளாக அகராதியும் கையுமாக இருந்து விஷயத்தைப் பிடித்துவிட்டேன். கார் குளிரை உண்டாக்குவதில்லை. குளிர் என்று ஒரு பொருளே கிடையாது. உள்ளே இருக்கும் சூட்டை கேஸ் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. கம்பிரசர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் கொயில் என்ற சுருள் குழாயில் சூட்டை ஏற்றுகிறது, முன்னால் இருக்கும் கொயிலில் இறக்குகிறது. ஐஸ் போல ஆகும் உள் கொயிலின் ஊடாகக் காற்றாடி காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான்.

வடிவம்மாவைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விளக்கலாம் என்று தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்தினாள்.

"அதனாலதானே பூனை ஃபிரிட்ஜுக்குப் பின்னால போய்ப் படுக்குது? உள்ள இருக்கிற சூடு அங்கதானே வருது."

எனக்கு இரண்டு நாள் எடுத்தது. பூனைக்கு அகராதி தேவைப்படவில்லை.

மார்ச் 20, செவ்வாய்

வெற்றி! கம்பிரசர் பெல்ட் தளர்ந்திருந்தது. நேற்று இறுக்கினேன். இன்று காலை ஆறரைக்கு, பிள்ளையாருக்குப் பூ வைத்துவிட்டு, ஏசியைப் போட்டு, சுவர் வெப்பமானியைக் கழற்றிக் காருக்குள் வைத்தேன். இருபத்தொரு பாகை!

மேல் வீட்டு சுந்தரலிங்கம் மாஸ்டர் பல்துலக்கிக்கொண்டு படியில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெப்பமானியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஓம் அண்ணை, நல்ல குளிர்தான். உந்த மானியை ஒருக்கா வெளியில பிடிச்சுப் பாருங்கோவன்."

வெளியிலும் இருபத்தொன்று.

"கண்டியில விடியப்புறம் எல்லாற்ற காரிலயும் ஏசி வேலை செய்யும் அண்ணை" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளித்தார்.

யாழ்ப்பாணத்தில் கணிதம் நன்றாகத்தான் படிப்பிக்கிறார்கள். மரியாதை படிப்பிப்பதில்லை.

மார்ச் 22, வியாழன்

வடிவம்மா பழக்கத்தில் இரண்டு கோப்பை பிளேன்டி ஊற்றிவிட்டாள். இரண்டையும் நானே குடித்தேன்.

மார்ச் 24, சனி

பிலிமத்தலாவைப் பழைய சாமான் கடையில் செத்துப்போன கம்பிரசர் ஒன்று வாங்கினேன். சிங்களவரான கடைக்கார மாத்தயாவுக்கு மனசாட்சி இருந்தது. இது வேலை செய்யாது என்று மூன்று தரம் சொன்னார். வேலை செய்யாததுதான் வேண்டும், வேலை செய்வதைக் கழற்றிப் பார்க்க மனம் வராது என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். எண்ணெய் கொஞ்சம் கொட்டியது. கொஞ்சம் என்றால், மேசை விரிப்பு முழுக்க. ஆனால் உள்ளே பார்த்த பிறகு என் காரின் கம்பிரசரைக் காதால் கேட்டே சொல்லிவிட முடிகிறது. அது நன்றாக இருக்கிறது. பாயிஸும் அதைத்தான் சொன்னான். அவன் சொன்னது வேறு. நான் கண்டுபிடித்தது வேறு.

மார்ச் 26, திங்கள்

நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து வடிவம்மா தொலைபேசியில் மெதுவாகப் பேசினாள். "ஆமா மாப்பிள்ளை, ஒன்பதாம் திகதி வந்திருங்க. மாமாகிட்ட சொல்லாதீங்க."

ஈரத்தோடு வெளியே வந்தேன். என்ன பேச்சு பேசினேன் என்று எழுத விருப்பமில்லை. அவளும் விடவில்லை.

"எனக்கு அறுபத்தாறு வயசு. அந்த மரத்தடியில செத்துப் போயிருவேன்னு நெனச்சேன். யானை வேற வரும்னாங்க. நீங்க என்னடான்னா என்னைப் பாக்காம காரோட மூடியத் தெறந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

விசிறினேன்தானே? முதலில் விசிறினேன். பிறகுதான் மூடியைத் திறந்தேன். — அல்லது முதலில் மூடியா? சரியாக ஞாபகம் இல்லை.

சாப்பிட்ட பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "எட்டாம் திகதி வரைக்கும் பாக்கிறேன். அந்தப் பாலை மரம் வர்ற வரைக்கும் எனக்கு ஒரு சொட்டு வேர்க்கக் கூடாது. சரின்னா உங்க கார்ல வர்றேன். இல்லன்னா மாப்பிள்ளை வேன்."

ஒரு சொட்டு. எழுதி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 29, வியாழன்

கண்டியில் பரிசோதிக்க சூடு வேண்டும். மத்தியானம் பன்னிரண்டரைக்குக் காரை வெட்ட வெயிலில் விட்டு, கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசியைப் போட்டு உள்ளே உட்கார்ந்தேன். வெப்பமானி முப்பத்தொன்பது. காற்றாடி சத்தம் பெரிதாகக் கேட்கிறது. ஆனால் துளையில் கையை வைத்தால் குழந்தை மூச்சு விடுவது போல ஒரு காற்று. அந்தக் காற்று குளிர்ந்துதான் இருக்கிறது! குளிர் இருக்கிறது, வெளியே வர வழியில்லை. அப்படியானால் உள்ளே... இதைக் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கண்ணாடியில் அடி விழுந்தது. சுந்தரலிங்கம் மாஸ்டர். "அண்ணை! அண்ணை! ஐயோ, மூச்சில்லை!" வடிவம்மா ஓடி வந்தாள். நான் கதவைத் திறந்ததும் வாளித் தண்ணீரை என் மேல் ஊற்றிவிட்டாள். திறந்த கதவு, நனைந்த சீட், நனைந்த புத்தகம்.

இதற்குள் மாஸ்டர் முஹைதீனுக்கும் தொலைபேசி எடுத்துவிட்டார். வியாழன் அல்லவா, அவன் கண்டியில்தான் இருந்திருக்கிறான். பத்து நிமிடத்தில் த்ரீவீல் ஆட்டோவில் வந்து இறங்கினான். செருப்பில் ஒன்று இல்லை. நான் தலை துவட்டிக்கொண்டு படியில் இருந்தேன். என்னைப் பார்த்தான்.

"உசிரோட இரிக்கானா?" என்று வடிவம்மாவிடம் கேட்டான்.

"இருக்காருங்க, முஹைதீன் நானா."

"அப்ப சரி."

அதே த்ரீவீலில் ஏறிப் போய்விட்டான். பிளேன்டி குடிக்கவில்லை.

மார்ச் 31, சனி

அடைப்பு இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். யார் அடைத்தது என்பதுதான் கேள்வி. டாஷ்போர்ட்டைக் கழற்றத் தொடங்கினேன். பிள்ளையாரை எடுத்துச் சுவாமித் தட்டில் வைத்தேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

நாற்பத்தொரு திருகாணி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. கலந்துவிட்டால் கதை முடிந்தது. பிரித்துப் போட நல்ல பாத்திரம் தேடினேன். அஞ்சறைப் பெட்டியை விடப் பொருத்தமானது இந்த வீட்டில் இல்லை. கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் ஒரே கடதாசியில் கொட்டியது என் பிழைதான். வடிவம்மா மத்தியானம் முழுக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடுகையும் சீரகத்தையும் பிரித்தாள். பிறகு இராஜகுமாரிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்: "அப்பாவுக்கா? நல்லா இருக்கார். நான்தான் நல்லா இல்ல."

பிளாஸ்டிக் ஒன்றும் உடையவில்லை. ஒரே ஒரு இடத்தில் உடைந்தது. அது முன்பே உடைந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 2, திங்கள்

காற்றாடியைக் கழற்றி, அந்த ஓட்டையால் டோர்ச் அடித்து, வடிவம்மாவின் கைக்கண்ணாடியை உள்ளே விட்டுக் கொயிலைப் பார்த்தேன்.

கொயிலைக் காணவில்லை.

கொயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவர். கபில நிறம், கறுப்பு, ஈரம். பாயிஸ் துணியைத் திணித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். சாட்சிக்கு முழுதாக எடுக்க வேண்டும் என்று கையை விட்டு ஒரு பிடி இழுத்தேன்.

பூ.

காய்ந்து கறுத்த செவ்வரத்தம்பூ. இன்னொரு பிடி. அதுவும் பூ. அடியில் போகப் போக மக்கி, தேயிலைத் தூள் போல. நடுவில் அறுகம்புல். விபூதிப் பொட்டலம் ஒன்று. ஊதுபத்திக் குச்சிகள். பால்மா டின் ஒன்று நிரம்பி, இரண்டாவது டின்னும் பாதி.

முன் கண்ணாடியின் அடியில், பனி படிந்தால் காற்று வருவதற்காக ஒரு நீளமான இடுக்கு விட்டிருக்கிறார்கள். பிள்ளையார் இருந்தது அந்த இடுக்கின் விளிம்பில். பூ காயும், சுருங்கும், கார் ஒரு குலுக்குக் குலுக்கும், பூ உள்ளே போகும். போன ஆவணியில் நிரம்பியிருக்க வேண்டும்.

வடிவம்மாவைக் கூப்பிட்டேன்.

"பழைய பூவை நீதானே எடுத்துப் போடுவாய்?"

"நானா? உங்க காரைத் தொட்டாலே ஏசுவீங்க. நீங்கதான் எடுத்துப் போடுறீங்கன்னு நெனச்சேன்."

"இருபத்திரண்டு வருடமாகவா?"

"நீங்க எத்தன வருஷமா நெனச்சீங்க?"

டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போய் வெகு நேரம் சிரித்தாள். இங்கே கேட்டது.

ஏப்ரல் 3, செவ்வாய்

பல் பிரஷ்ஷால் கொயிலைக் கழுவினேன். வெள்ளி போல இருக்கிறது. எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினேன். இரண்டு ஆணி மிச்சம். குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னாலிருந்து மெல்லிய செம்புக் கம்பி ஒன்று வால் போலத் தொங்குகிறது. எங்கே சொருகுவது என்று தெரியவில்லை. முதல் பதினாறு பக்கத்தில் இருந்திருக்கும். தொங்கினால் தொங்கட்டும்.

காற்று வருகிறது! மடியில் வைத்த புத்தகம் தானாகவே பக்கம் புரள்கிறது.

பிள்ளையாரைப் பின் கண்ணாடிக்கு மாற்றினேன். அங்கே இடுக்குக் கிடையாது. காரணம் கேட்பவர்களுக்கு: அங்கிருந்து அவருக்கு வழி முழுக்கத் தெரியும்.

ஏப்ரல் 4, புதன்

கேஸ் மட்டும் வீட்டில் போட முடியாது. அதற்கு இயந்திரம் வேண்டும். ஏசிக் கடை கம்பளையிலும் இருக்கிறது. கம்பளை ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன். பேராதனைப் பாலத்தில் திருப்பினேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ள நேரமில்லாமல் திகன வந்துவிட்டது.

டின்னை பாயிஸின் மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"என்ன மாமா இது, தேயிலையா?"

"அடைப்பு."

விரலால் கிளறினான். பூக்காம்பு ஒன்றை எடுத்து என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. சிரிக்காமல் இருக்க அந்தப் பிள்ளை பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன். பின்னாலிருந்து முஹைதீன் வந்தான், மூக்குக் கண்ணாடியை மாட்டினான், டின்னைப் பார்த்தான்.

"என்ட மகன் அடைச்சது இதைத்தானா சேது?"

"இல்லை."

"அப்ப யாரு?"

கடையில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். குரலைத் தாழ்த்தி வாயைத் திறந்தேன். முஹைதீன் கையைக் காட்டித் தடுத்தான்.

"பொறு, பொறு. நீ ஏசக்குள்ள இந்தக் கடையில நாலு பேர் நிண்டாங்க. இப்ப ஒருத்தர்தான் இரிக்கார். இன்னும் மூணு பேர் வரட்டும். அந்தக் கதிரையில இரி."

இருந்தேன். எழுபத்தொரு வயதில், மடியில் பூ டின்னோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல இருந்தேன். எழும்பிப் போயிருக்கலாம். கார்ச் சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. பத்தரைக்கு ஒருவர் வந்தார். பதினொன்றரைக்கு ஒருவர். முதல் வந்தவர் வேலை முடிந்து போகப் பார்த்தார். முஹைதீன் அவருக்கு பிளேன்டி கொடுத்து நிறுத்தி வைத்தான். ஒன்றே காலுக்கு நான்காவது ஆள் வந்தார். அவர் டயர்க் கடைக்கு வழி கேட்டு வந்தவர். ஆனாலும் சேர்த்துக்கொண்டோம்.

எழும்பி நின்று சொன்னேன். "போன மாதம் இந்தக் கடையில் இந்தப் பிள்ளை என் காரை அடைத்ததாகச் சொன்னேன். அடைத்தது நான்."

மன்னிப்பு என்ற சொல்லை நான் பாவிக்கவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

டயர்க்காரர் திகைத்துப்போய்க் கை தட்டினார்.

பிறகு பாயிஸ் கேஸ் போட்டான். கேஸ் அழுத்த மானியை நான்தான் பிடித்தேன். என் வேலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "நீங்களே கழட்டினீங்களா? ஒடையாம?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை இங்கே இன்னொரு தரம் எழுதுகிறேன். நீங்களே கழட்டினீங்களா.

தொங்கும் செம்புக் கம்பியையும் கண்டுவிட்டான். "மாமா, இது கொயிலுக்குள்ள போகணும். குளிர் கூடிச்சிண்டா ஏசியக் கொஞ்சம் நிப்பாட்டுறது இதுதான். கழட்டிச் சொருகித் தரவா?"

திரும்பவும் நாற்பத்தொரு ஆணியா? "குளிர் கூடட்டும். அதற்காகத்தானே இவ்வளவும்" என்றேன்.

"அப்ப சரி. கம்பளி ஒண்டு எடுத்திட்டுப் போங்க."

இளைஞர்களுக்கு எல்லாவற்றிலும் பகிடி.

ஏப்ரல் 5, வியாழன்

பிளேன்டி இரண்டு கோப்பை. நான் ஒன்றுதான் குடித்தேன். வேலியில் பூத்திருந்த செவ்வரத்தையை முஹைதீன் வெகு நேரம் பார்த்தான். தோள் மட்டும் குலுங்கியது.

ஏப்ரல் 8, ஞாயிறு

மத்தியான வெயிலில் வடிவம்மாவை முன் சீட்டில் இருத்தி மாத்தளை வரை போய் வந்தோம். போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைக்கவில்லை. வரும்போதும் துடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நீங்க வராதீங்க மாப்பிள்ளை. சீர் எங்க கார்லதான் வருது."

எங்க கார் என்றாள்.

ஏப்ரல் 10, செவ்வாய். திருகோணமலை

காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். தொட்டில் கூரையில். குடமும் பலகாரமும் பின் சீட்டில். பின் கண்ணாடியில் பிள்ளையார். சுந்தரலிங்கம் மாஸ்டர் படியில் நின்று கை காட்டினார்.

மாத்தளையில் ஏசியைப் போட்டேன். நாவுலையில் வடிவம்மா, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். நாற்பத்து மூன்று வருடத்தில் என் கை வேலையை அவள் பாராட்டியது இது இரண்டாவது தரம். முதலாவது எது என்று ஞாபகமில்லை.

தம்புள்ளையில், "கொஞ்சம் குறைங்க" என்றாள். குமிழைத் திருப்பினேன். குறையவில்லை. முழுக்கத் திருப்பினேன். அப்போதும் குறையவில்லை. செம்புக் கம்பியின் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

"ஒரேயடியா நிப்பாட்டுங்களேன்."

"பாலை மரம் வரைக்கும் ஒரு சொட்டு வேர்க்கக் கூடாது என்பது உன் நிபந்தனை. எழுதி வைத்திருக்கிறேன்."

முந்தானையைப் போர்த்தினாள். பிறகு துவாய்த் துண்டை எடுத்தாள். பிறகு பின்னால் எட்டி, சீருக்கு வாங்கிய பட்டுச்சேலையை எடுத்துப் பிரித்துத் தலையோடு சுற்றிக்கொண்டாள். வெளியே ரோட்டில் தார் உருகுகிறது. எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றன. வெப்பமானி பதின்மூன்று.

"உங்க பல்லு தட்டுது" என்றாள்.

"ரோட்டு சரியில்லை."

ஹபரணை கடந்தது. காடு தொடங்கியது. அந்த வளைவு, அந்தப் பாலை மரம்.

"நிப்பாட்டுங்க!"

"என்ன, மயக்கமா?"

"வெயில் காயணும்."

நிறுத்தினேன். பட்டுச்சேலையைத் தலையில் சுற்றியபடியே இறங்கினாள். மர நிழலுக்குப் போகவில்லை. நிழலைத் தாண்டி, நடு வெயிலில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சொட்டு வேர்க்கவில்லை. நன்றாகப் பார்த்தேன்.

நான் இறங்கவில்லை. எனக்குக் குளிரவில்லை.

முன் கண்ணாடியில் வெளிப்புறமாக ஈரம் படிந்திருந்தது. அதைத் துடைக்கத்தான் பிறகு இறங்கினேன். அவள் நின்ற பக்கத்தைத்தான் முதலில் துடைக்க வேண்டியிருந்தது. வெயில் முதுகில் பட, துடைக்க வெகு நேரம் எடுத்தது.